வலது கை இடது கையான சுவரொட்டி

இன்று காலை ஆம்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. தைப்பவர் ஊசியை எடுப்பதற்கு முன் ஒரு டின்னைத் திறந்து, ரப்பர் சொல்யூஷனை விரலில் வழித்து வாரின் அடியில் தடவினார். வாடை மேலே வந்தது. நான் ஒற்றைக் காலில் நின்றபடி அதை இழுத்து இழுத்து முகர்ந்தேன். "போட்டுக்கோ சார், ரெடி" என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாடை எனக்கு நம் அச்சகத்தில் இருந்த உன் மேசை. மற்ற ஊர் அச்சகங்களில் படம் ஒட்டக் கோந்து வைத்திருப்பார்கள். நீ உன் அண்ணன் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் சொல்யூஷன் வாங்கி வருவாய். "கோந்து நாளைக்கு சுருங்கிடும் எம்.ஏ. இது செருப்பையே புடிச்சு வெக்குது, உன் பேப்பரைப் புடிக்காதா?" என்பாய். வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு மெய்ப்புத் திருத்த வந்தவன் என்பதால் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. வேறு யார் கூப்பிட்டாலும் கோபம் வரும். நீ கூப்பிட்டால் வராது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இல்லாதவனுக்குக் கடிதம் எழுதுவது உருப்படாத வேலை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஐந்து நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன். எழுந்தால் வாசல் வரை போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். "இன்னா தேடறீங்க?" என்று கேட்டுக் கேட்டு வீட்டில் அலுத்துவிட்டார்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

திங்கட்கிழமை நிவேதா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வேலூரில் ஒரு கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறாள். நம் பக்கத்தில் அச்சுத் தொழில் எப்படி வளர்ந்தது என்று அவர்கள் வகுப்பு ஒரு கண்காட்சி வைக்கிறது. ஈய எழுத்துகள், துத்தநாக பிளாக், பீடிக்கட்டு லேபிள், கல்யாணப் பத்திரிகை, ஷூ டப்பா என்று மாவட்டம் முழுக்க அலைந்து சேர்த்திருக்கிறார்கள். மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் குடோனில் கிடைத்தது என்று ஒரு சுருளைக் கொண்டுவந்தாள். மேசையில் விரித்து நான்கு மூலையிலும் என் வீட்டு டம்ளர்களை வைத்தாள்.

நம் சுவரொட்டி. தோல் வெட்டும் மெஷின், அதன் முன் நிற்கும் ஒரு பெண்ணின் இரண்டு கைகள், மேலே சிவப்பில் 'கவனம்', கீழே இரண்டு வரி.

"செமயா இருக்கு சார். இந்தக் கோட்டைப் பாருங்க. மூணே கோட்டுல கை வந்துடுச்சு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல எப்படி சார்? இதான் எங்க ஷோவுல மெயின் பீஸ். யாரு வரைஞ்சாங்க, எப்படி அடிச்சாங்கன்னு நூறு வார்த்தை எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள. சனிக்கிழமை ஓப்பனிங்."

என் உள்ளங்கை தானாகப் போய் அந்தக் கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"சார், ஏதாவது கறையா?"

"இல்லம்மா. சுருளுது, அதான்."

டம்ளர் வைத்த பிறகு சுருள்வது எப்படி என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

அவள் போனதும் எழுத உட்கார்ந்தேன். நூறு வார்த்தை கேட்டாள். நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்த காலம், பிளாக் செய்யச் சென்னைக்கு அனுப்பிவிட்டுப் பேருந்து நடத்துனரின் கையை எதிர்பார்த்து நின்ற காலம், பிறகு ஆஃப்செட், ஃபிலிம், கேமரா அறை, பிறகு கணினி. எல்லாம் சரியாக வந்திருந்தது. படித்துப் பார்த்தால் அதில் ஒரு ஆள் இல்லை. 'ஒட்டப்பட்டது', 'அச்சிடப்பட்டது' என்றே எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஏதோ பேய் வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி. கிழித்துப் போட்டேன். மறுநாள் அதையே வேறு விதமாக எழுதினேன். அதையும் கிழித்தேன்.

முதலாளி அந்தப் பழைய ஆஃப்செட் மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். லாரியிலிருந்து இறக்குவதற்குள் உன் சட்டை கிழிந்தது. அதற்கு முன்பெல்லாம் நாம் தலைகீழ் உலகத்தில் இருந்தோம். ஈய எழுத்து திரும்பித்தான் இருக்கும். பிளாக்கில் இருக்கும் சாமி திரும்பித்தான் பார்க்கும். திருப்பிப் படித்துப் படித்து என் கண் பழகிப்போய், கடைப் பலகையை நேராகப் படிக்க ஒரு கணம் யோசிப்பேன். ஆஃப்செட் வந்ததும் அச்சுத் தகட்டில் எல்லாம் நேராக இருந்தது. "எல்லாம் நேரா இருக்கு, எனக்குத்தான் தல சுத்துது" என்றாய். நீ சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தவன், சிரித்துக்கொண்டே பத்து நாளில் பழகிவிட்டாய். நான் ஒரு நோட்டுப் போட்டு, அம்புக்குறி போட்டுப் பழகினேன்.

ஆனால் தகட்டுக்கு முந்தின ஒரு கட்டத்தில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையின் மேல், எல்லாம் மறுபடி திரும்பித்தான் தெரிய வேண்டும். ஃபிலிமுக்கு மங்கலான பக்கம் ஒன்று, பளபளப்பான பக்கம் ஒன்று. மங்கல் பக்கம் மேலே பார்க்கும்படி ஒட்ட வேண்டும். அப்போது எழுத்து திரும்பித் தெரியும். திரும்பித் தெரிந்தால்தான் சரி. எழுத்தில் ஆபத்தில்லை, அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். படம் காட்டிக்கொடுக்காது. மாம்பழத்தைப் புரட்டினாலும் மாம்பழம்தான். கையைப் புரட்டினாலும் கைதான்.

அதனால்தான் நீ உன் படம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடியாக ஒரு 'அ' போட்டு வைப்பாய். படம் எந்தப் பக்கம் என்று அந்த 'அ' சொல்லிவிடும். தாளுக்கு வெளியே விழும் இடம், அச்சில் வராது. எனக்கு அது பொறுக்காது. எங்கே அச்சில் வந்து மானத்தை வாங்கிவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் உன்னைக் கேட்பேன். "உனக்கு இன்னா பேஜாரு அதுல? அது எனக்குக் காவல்காரன்" என்பாய்.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். உன் மனைவியை முதன்முதலாக அமிர்தி அருவிக்கு அழைத்துப் போக ஒரு நாள் விடுப்பு கேட்டாய். படம் வரைந்து, ஃபிலிமும் எடுத்துக் காயப்போட்டுவிட்டுப் போனாய். "எழுத்தை மட்டும் பாத்து வை. ஒட்டறதை நாளைக்கு வந்து பண்றேன்" என்றாய். நீ பஸ் ஏறியிருப்பாய், பத்து மணிக்கு, சுவரொட்டி கேட்டிருந்த கம்பெனி மேனேஜரின் ஆள் வந்துவிட்டான். மறுநாள் யாரோ பார்வையிட வருகிறார்களாம், சுவரொட்டி சுவரில் இருந்தாக வேண்டுமாம். முதலாளி அப்போது வாணியம்பாடியில் இருந்தார். தொலைபேசியில் மெஷின்காரரிடம், "படம் ரெடியா இருந்தா தகடு போட்டு ஓட்டுங்க" என்றார். நான் ஒட்டினேன்.

கவனமில்லாமல் ஒட்டவில்லை. இதைத்தான் நான் யாருக்கும் விளக்க முடியாமல் இத்தனை வருஷம் இருக்கிறேன். அளவுகோல் வைத்து ஒட்டினேன். ஓரத்தில் இருந்த உன் 'அ'வைப் பிளேடால் சுத்தமாக நறுக்கி எடுத்தேன். ஃபிலிம் சரியாக இருக்கிறதா என்று சுவரில் குத்தியிருந்த உன் மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தது. அதுதான் தப்பு. ஒரே மாதிரி இருக்கக் கூடாது, திரும்பி இருக்க வேண்டும். எழுத்தைத் திருப்பி ஒட்டத் தெரிந்த எனக்கு, கையைத் திருப்பத் தோன்றவில்லை. கோடு ஒரு மயிரிழை தடித்து அச்சாகியிருந்தது. மை கூடிவிட்டது என்று நினைத்தேன்.

ஆக, எழுத்து 'வலது கை பிடியில், இடது கை பலகைக்கு வெளியே' என்றது. படத்தில் பிடி இடப்பக்கம் போய்விட்டது. இடது கை பிடியில் இருந்தது. நான் எழுத்தை மூன்று முறை படித்தேன். படத்தைப் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து மேனேஜர் சுவரொட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். லூர்து என்று ஒரு பெண்ணுக்கு இடது கை நடுவிரலின் நுனி போய்விட்டது. படத்தைப் பார்த்துக் கையை மாற்றி, பலகைக்குக் குறுக்கே இடது கையைப் பிடிக்கு நீட்டினாள் என்றார். முதலாளி அதை மேசையில் போட்டு, "யாருப்பா இது?" என்றார். நீ குனிந்து பார்த்தாய். உனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று, பார்த்தேன். கைகளைப் பார்த்தாய், கோட்டின் தடிமனைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"படம் என்னுதுதான்" என்றாய்.

உண்மைதானே. படம் உன்னுடையது. அதற்கப்புறம் நீ சும்மா நின்றாய். எனக்காக நின்றாய். நான் கையில் இருந்த மெய்ப்புத் தாளில் ஏற்கெனவே திருத்திய ஒரு வரியை மறுபடி திருத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவையெல்லாம் அப்போது மனதில் வந்தனவா, பிறகு நானே கொண்டுவந்து வைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. தப்பாக வரைந்தாய் என்று முதலாளி உன்னை அன்றைக்கே போகச் சொன்னார்.

மூன்று வருஷம் நீ என்னோடு பேசவில்லை. நான் போட்ட இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒருமுறை திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினாய். அது உன் ஊருக்குப் போகாத பஸ் என்பதை நான் பலகையில் படித்தேன். பிறகு எப்படியோ சரியாயிற்று. நாட்றம்பள்ளியில் நீ போட்ட கடை நன்றாக நடந்தது. நெடுஞ்சாலை லாரிகளுக்குப் பெயர் எழுதினாய், ஸ்டிக்கர் வெட்டினாய், நான் கணினியை எப்படி அணைப்பது என்று பயந்துகொண்டிருந்த நாளில் நீ அதில் வரையவே பழகிவிட்டாய். ஃபிளெக்ஸ் மெஷின் நம் மாவட்டத்தில் வந்த புதிதிலேயே உன் கடையில் இருந்தது. நீ கெட்டுப்போகவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ கெட்டுப்போனாய் என்று யார் சொன்னார்கள்?

என் மகள் கல்யாணப் பத்திரிகையை நீதான் செய்து கொடுத்தாய். திரையில் காட்டினாய். வெட்டும் கோட்டுக்கு வெளியே, மூலையில், பொடியாக ஒரு 'அ'.

"இத மட்டும் நீ வெட்டாத எம்.ஏ. மெஷின்காரன் வெட்டிக்குவான்."

கணினியில் புரளும் பயமே இல்லை. அந்த 'அ'வுக்கு அங்கே வேலையே இல்லை. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எனக்கு ஜுரம் வந்தது.

உன் காரியத்துக்கு வந்தபோது உன் மகன் எனக்குக் காபி கொடுத்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்: "அப்பா ஆம்பூர் பிரஸ்ல ஒரு படம் தப்பா வரைஞ்சு வேலை போச்சு. அதனாலதான் நாங்க நாட்றம்பள்ளிக்காரங்க ஆனோம்." குற்றமாகச் சொல்லவில்லை, குடும்பக் கதையாகச் சொன்னான்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன நூறு வார்த்தை எழுதுவது? 'படம்: இன்னார்' என்று உன் பெயரைப் போட்டால், கை மாறியதைக் கண்டுபிடிக்கும் முதல் ஆள் உன்னைத்தான் சொல்வான். உன் பெயரைப் போடாவிட்டால், அந்தப் பெண் வியந்து பார்த்த மூன்று கோட்டையும் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்வேன். உண்மையை எழுதலாம். எழுதுவதற்கு முன் விரல் போனவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவள் வீடு எனக்குத் தெரியும், கோயிலுக்குப் பின் தெரு. தெரியும் என்பதால்தான் நாற்பது வருஷமாக மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன். இன்று காலை கிளம்பினேன். வழியில்தான் வார் பிய்ந்தது. திரும்பிவிடலாம், சகுனம் சரியில்லை என்றுகூட நினைத்தேன். நம்பிக்கையில்லாத விஷயம், அதையும் துணைக்கு அழைத்தேன்.

லூர்தம்மா வாசலில் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றதைப் பார்த்து, "யாரு வேணும்?" என்றார்.

"நான் அந்த பிரஸ்ல புரூஃப் பாத்துனு இருந்தேம்மா. உங்க கம்பெனிக்கு ஒரு போஸ்டர் அடிச்சோமே."

அவர் என் முகத்தையும் கண்ணாடியையும் பார்த்தார். பூண்டைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா அது? இத்தினி வருஷம் கழிச்சா வர்றீங்க?"

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். உங்கள் விரலுக்கு நான்தான் காரணம், படத்தை நான்தான் திருப்பி ஒட்டினேன், என்று பாதி வந்ததும் அவர் கையை ஆட்டி நிறுத்தினார். அந்தக் கைதான். நடுவிரல் ஒரு நகம் அளவு குட்டை.

"எந்தப் போஸ்டரு? டிபன் பாக்ஸ் வெக்கிற ரேக்குக்குப் பின்னாடி இல்ல ஒட்னு இருந்தாங்க. அதப் பாத்து யாரு மெஷின் ஓட்டனது? பக்கத்து மெஷின்காரியப் பாத்து ஓட்டனோம்."

"கை மாறி இருந்துதும்மா அதுல."

"தெரியுமே. ஒட்டன அன்னிக்கே சிரிச்சோம். வரைஞ்சவன் பீச்சாங்கைக்காரன் போலன்னு செல்வி சொன்னா."

"அப்போ உங்க விரலு?"

"செல்வி தங்கச்சிக்கு நிச்சயம். புடவை எடுத்துனு வந்து காட்றா. அரக்கு, பச்சை பார்டரு. நான் திரும்பிட்டேன். புடவையால போன விரலு சார் இது. மேனேஜர்கிட்ட புடவை பாத்தேன்னு சொன்னா வேலையில வெப்பாரா? அவரே போஸ்டரக் காட்டி, இதப் பாத்துதான மாத்தி வெச்சன்னு கேட்டாரு. தலைய ஆட்டிட்டேன்."

நான் அந்த வீட்டு வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷமாக நான் சுமந்த விரல். எனக்கு அதைக் கீழே வைக்கும் நிம்மதி வரவில்லை.

"உங்க தோஸ்த்துகிட்ட அப்பவே சொல்லிட்டனே" என்றார் லூர்தம்மா.

வேலை போன மூன்றாம் நாள் நீ அங்கே போயிருக்கிறாய். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. அவர் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லி, மேனேஜரிடம் வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"வேணாம் தங்கச்சி, சொன்னா உன் வேலையும் பூடும், எனக்கு நாட்றம்பள்ளில எடம் பாத்தாச்சுன்னாரு. ஒரே ஒரு ஒத்தாசை பண்ணு, எங்க பிரஸ்லேர்ந்து ஒருத்தரு வருவாரு, ஒல்லியா, கண்ணாடி போட்டு. இன்னாவோ சொல்ல ஆரம்பிச்சு முழுங்குவாரு. போஸ்டரால இல்லன்னு அவருகிட்ட சொல்லிடு, இல்லன்னா அந்தாளு சாப்பிட மாட்டாருன்னாரு. ரெண்டு நாள்ல வந்துடுவாருன்னு சொன்னாரு. நானும் பாத்தேன். ரெண்டு நாளு, ஒரு வாரம், ஒரு மாசம். அப்புறம் மறந்தே போச்சு."

பூண்டு உரிப்பதை மறுபடி தொடங்கினார். "டீ சாப்டறீங்களா?" என்றார். சாப்பிட்டேன். சர்க்கரை ஜாஸ்தி.

திரும்பி வரும்போது அந்தத் தெருவின் முழு நீளத்துக்கும் நடந்தேன். உன்னிடம் கோபமாகக்கூட இருந்தது. மூன்று வருஷம் கழித்துப் பேசத் தொடங்கினாயே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? 'அ' போட்டுக் குத்தினாயே, அந்த நேரத்தில் இதையும் சொல்லியிருக்கலாம். நான் லூர்தம்மா வீட்டுக்குப் போகவில்லை என்று உனக்குத் தெரிந்துதான் மூன்று வருஷம் பேசவில்லையோ? நான் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாயோ? அல்லது மறந்தே போனாயோ? கேட்க ஆளில்லாத கேள்வியை நான் எத்தனை விதமாகத் திருத்தி எழுதினாலும் கேள்வியாகவே நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும், யோசித்தால் செய்யமாட்டேன் என்று தெரிந்து, உன் மகனுக்குப் போன் செய்தேன். பின்னால் ஃபிளெக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அங்கிள்."

சொன்னேன். பாதியில் அவன் மெஷினை நிறுத்தச் சொன்னது கேட்டது. முழுவதும் சொன்னேன்.

"அப்பா இருந்தப்போ சொல்லிருக்கலாமே அங்கிள்."

"ஆமாம்ப்பா."

"எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாதான். அமிர்திக்குப் போலாம், போலாம்னு நான்தான் உங்கப்பாவ நச்சரிச்சேன், அந்த அவசரத்துல தப்பா வரைஞ்சுட்டாரு, என்னாலதான் வேலை போச்சுன்னு இன்னிக்கும் சொல்லினு இருக்காங்க. அதுக்கப்புறம் அப்பா எங்க கூப்ட்டாலும் போக மாட்டாங்க. திருப்பதி தவிர எங்கயும் போனதில்ல."

இது எனக்குத் தெரியாது. நீ என்னைக் காப்பாற்ற அவளிடம்கூடச் சொல்லவில்லை. நீ அவளுக்குச் சொல்லாமல் வைத்த இடத்தில் அவள் அமிர்தியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். இதில் நீ செய்ததும் சரியில்லை. இந்த ஒன்றை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

"நாளைக்கு கண்காட்சிக்கு அம்மாவ கூட்டினு வர்றேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

பிறகு நிவேதாவுக்கு எழுதி அனுப்பினேன். நூறு வார்த்தை ஆகவில்லை. படம் வரைந்தவர் என்று உன் பெயர். ஃபிலிம் ஒட்டியவர் என்று என் பெயர். ஒட்டியவர் படத்தை மறுபக்கமாக ஒட்டிவிட்டார், அதனால் கைகள் இடம் மாறியுள்ளன, வரைந்தவரின் மூலத்தில் அவை சரியாக இருந்தன. ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"சார், நிஜமாவா? நான் பத்து நாளா அதைப் பாத்துட்டு இருக்கேன், தெரியவே இல்ல."

"மூணு தடவை படிச்ச எனக்கே தெரியலம்மா."

"இதை அப்படியே போடட்டுமா? உங்க பேரு இப்படி வருதே. வேணும்னா 'பிரஸ்ல நடந்த தவறு'ன்னு போட்டுடறேன் சார். யாரும் கேக்க மாட்டாங்க."

ஒரு கணம், நாற்பது வருஷத்துக்கு முந்தைய அதே கணம், அந்த மெய்ப்புத் தாள் கையில் இருந்த மாதிரியே இருந்தது. "அப்படியே போடும்மா" என்றேன். அவளுக்குக் கேட்டதா என்று மறுபடி ஒருமுறை சொன்னேன்.

இப்போது மணி நான்கு. நாளை பத்தரைக்கு வேலூரில் உன் மனைவியின் முன்னால் நிற்க வேண்டும். அவளிடம் என்ன சொல்வது என்று எழுதத் தொடங்கினேன். முதலில் ஒரு பக்கம் வந்தது. மங்கல் பக்கம், பளபளப்புப் பக்கம், அன்றைக்கு இருந்த அவசரம், என் அப்பாவின் உடல்நிலை எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தேன். அப்பாவை அடிப்பதற்குத்தான் நேரமாயிற்று.

'இரண்டு நாளில் வந்துவிடுவார்' என்று யாரோ ஒருத்தியிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். என்னை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தவன், என் பயத்தையெல்லாம் அறிந்தவன், அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறாய். விரலின் பாரம் காலையில் இறங்கிவிட்டது. இது ஏறிக்கொண்டது. இதை இறக்க எனக்கு விருப்பமில்லை. இதோடுதான் நாளை பஸ் ஏறுவேன்.

எழுதிய பக்கத்தில் மிஞ்சியது இரண்டு வரி. 'அமிர்தி காரணம் இல்லம்மா. நான்தான் தப்பா ஒட்டினேன்.' சுவரைப் பார்த்து வாய்விட்டு மூன்று முறை படித்தேன். இரண்டாவது வரிக்கு வரும்போதெல்லாம் பேனாவைத் தேடினேன். ஆனால் திருத்த அதில் ஒன்றும் இல்லை.